சிங்கச் சண்டைன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குஜராத்தோட கிர் காட்டுல ஜெய், வீருன்னு ரெண்டு ஆண் சிங்கம் சேர்ந்தே சுத்திக்கிட்டு இருந்துச்சு, சஃபாரி போறவங்க ஆசையா தேடிப் பார்க்கிற ஜோடி. 2025 ஜூன்ல வீரு செத்துச்சு, ஜூலை கடைசியில ஜெய்யும் போயிடுச்சு. செய்தி பேப்பர்ல வந்துச்சு, டிவியில ஓடுச்சு, ஆனா நட்பு, பிரிவு, சோகம்னு உருகி எழுதுனதுதான் அதிகமே தவிர, அந்த ரெண்டும் ஏன் செத்துச்சுன்னு படிக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி ரெண்டு வரி இல்ல. ரெண்டும் ஒண்ணா இல்லாத நேரத்துல, தனித்தனியா, வேற ஆண் சிங்கங்களோட மோதிக் காயப்பட்டுச்சு. விஷயமே அதுலதான் இருக்கு, அதைத்தான் யாரும் விளக்கல. அதனாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், பொறுத்துக்கிட்டுப் படிங்க.

சிங்கம் செத்தா நம்ம பத்திரிகைகள் எழுதுறது ரெண்டே மாதிரிதான். ஒண்ணு சினிமா மாதிரி, அதாவது பழிவாங்கல், சிம்மாசனம், ராஜா வீழ்ந்தார், புது ராஜா வந்தார். இன்னொண்ணு அதிகாரிகள் சொன்னதை அப்படியே போடுற ஒரு வரிச் செய்தி, "சிங்கங்களுக்குள் மோதல், ஒன்று பலி". முதல்ல சொன்னது பொய்யைச் சொல்லுது, ரெண்டாவது ஒண்ணுமே சொல்றதில்ல. ஆனா ஆண் சிங்கங்களோட எல்லைச் சண்டைங்கிறது காட்டுல என்ன நடக்குதுன்னு காட்டிக்கொடுக்கிற ரொம்ப முக்கியமான விஷயம். எங்க சண்டை அதிகமாச்சு, யாரு தோத்தாங்க, தோத்தது எந்தப் பக்கம் ஓடுச்சுன்னு பார்த்தாலே அந்தக் காட்டுல மனுஷன் என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாதி தெரிஞ்சிடும்.

முதல்ல அடிப்படை. ஆண் குட்டி ரெண்டு மூணு வயசானதும் பொறந்த கூட்டத்தை விட்டு வெளிய போயாகணும், போகலன்னா துரத்தி விட்டுருவாங்க. அப்புறம் ரெண்டு வருஷம் நாடோடி வாழ்க்கை, அண்ணன் தம்பி, பெரியம்மா சித்தி பசங்கன்னு சேர்ந்து கிளம்புனதுங்க ஒண்ணா சுத்தும், தனியா வந்தது வழியில இன்னொரு தனி ஆளைப் பார்த்து சேர்ந்துக்கும். இதைத்தான் கூட்டணின்னு சொல்றோம். நாலு அஞ்சு வயசுல உடம்பு முறுக்கேறி பிடரி நிறைஞ்சதும் ஏற்கனவே ஒரு ஏரியாவைப் பிடிச்சு வச்சிருக்கிற ஆண்களை எதிர்த்துப் போகும். ஜெயிச்சா பெண்கள் இருக்கிற அந்தக் கூட்டம் அதுங்க வசம். அதுவும் எத்தனை நாளைக்கு? பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷம்தான், அதுக்குள்ள அடுத்த செட் இளவட்டம் வந்துடும். கூட்டணி பெருசா இருந்தா இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தனி ஆணா இருந்தா ஒரு கூட்டத்தைப் பிடிக்கிறதே குதிரைக்கொம்பு. தான்சானியாவோட செரெங்கெட்டியில 1966ல ஜார்ஜ் ஷாலர் ஆரம்பிச்சு, 1978ல இருந்து கிரெய்க் பேக்கர் பல பத்து வருஷம் நடத்துன ஆராய்ச்சியில இதெல்லாம் தலைமுறை தலைமுறையா பதிவாகியிருக்கு.

இந்த ரெண்டு மூணு வருஷ கணக்கு மனசுல இருந்தாத்தான் குட்டிங்களைக் கொல்றது புரியும். புதுசா வர்ற ஆண்கள் பழைய ஆண்களோட சின்னக் குட்டிங்களைக் கடிச்சுக் கொன்னுடும், பார்க்கவே முடியாது, வயிறு கலங்கும். ஆனா அது வெறி இல்ல, பழிவாங்கலும் இல்ல. பெண் சிங்கம் குட்டி வளர்க்கிற வரைக்கும், அதாவது சுமாரா ரெண்டு வருஷம், அடுத்த ஈடு போடாது. குட்டி போயிடுச்சுன்னா சீக்கிரமே இனச்சேர்க்கைக்குத் தயாராயிடும், கர்ப்பம் சுமார் 110 நாள். கையில ரெண்டு வருஷம்தான் இருக்குன்னா அதுல ரெண்டு வருஷத்தையும் அடுத்தவன் குட்டிக்குக் காவல் காத்தா இதோட வம்சம் அங்கேயே முடிஞ்சிடும். செரெங்கெட்டியில செத்த குட்டிங்கள்ல கால்வாசிக்கு மேல இப்படித்தான் போயிருக்கு. ஆக ஒரு ஆண் சண்டையில செத்தா ஒரு உயிர் போச்சுன்னு கணக்குப் போடக்கூடாது, அதுக்குப் பின்னாடி அது காவல் காத்துக்கிட்டு இருந்த குட்டிங்க எத்தனையோ அத்தனையும் ஆபத்துல இருக்கு. இந்த ஒரு வரியை எந்தச் செய்தியிலயும் நான் பார்த்ததில்ல.

அம்மாக்கள் இதைச் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கிறதும் இல்ல. கேரன் மெக்கோம்ப், பேக்கர், ஆன் பூசி எல்லாம் சேர்ந்து செரெங்கெட்டியில ஒரு சோதனை பண்ணாங்க, ஆண் சிங்கத்தோட கர்ஜனையை ரெக்கார்டு பண்ணி ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சாங்க. குட்டி வச்சிருக்கிற பெண்கள் தங்க குட்டிங்களோட அப்பன் குரல்னா அசையாம படுத்துக்கிட்டு இருக்கும், முன்னப்பின்ன தெரியாத ஆணோட குரல்னா எந்திரிச்சு உறுமும், குட்டிங்களைக் கூட்டிக்கிட்டு இடத்தைக் காலி பண்ணும். குரலை வச்சே ஆளைக் கண்டுபிடிக்குது. அதே மாதிரி தெரியாத பெண்களோட கர்ஜனையைப் போட்டா, ஒரு குரலா மூணு குரலான்னு எண்ணிப் பார்த்து, நாம எத்தனை பேரு இருக்கோம்னும் பார்த்துத்தான் எதிர்த்துப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுது. ஆண்கள் வேற மாதிரி. சொந்த ஏரியாவுக்குள்ள அந்நிய ஆண் குரல் கேட்டா எதிர்ல எத்தனை பேருன்னு பெருசா கணக்குப் பார்க்கிறதில்ல, கூட்டாளி பக்கத்துல இல்லன்னாலும் தனியா எந்திரிச்சு குரல் வந்த திசைக்கு நடந்து போகுது. ஜெய்யும் வீருவும் பிரிஞ்சிருந்த நேரத்துல காயப்பட்டதைப் படிச்சப்போ எனக்கு இந்தச் சோதனைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

கர்ஜனைன்னா சும்மா கத்துறது கிடையாது. அமைதியான ராத்திரியில 8 கிலோமீட்டர் வரைக்கும் கேட்கும். இது எங்க இடம், நாங்க இத்தனை பேர் இருக்கோம், உள்ள வராதேன்னு சொல்ற அறிவிப்பு அது. எல்லையோரமா நடக்கும்போது புதர் மேல பின்பக்கமா சிறுநீரைப் பீய்ச்சி அடிக்கும், பின்னங்காலால தரையைக் கீறும், மரத்துல முகத்தைத் தேய்க்கும். இன்னும் ஏரியா பிடிக்காத நாடோடி ஆண்களோ வாயே திறக்காது, அடுத்தவன் எல்லைக்குள்ள சத்தமில்லாம நடந்து போகும், ஏன்னா அங்க குரல் கொடுத்தா நான் இங்க இருக்கேன் வந்து அடின்னு கூப்பிடுற மாதிரி ஆயிடும். பிடரியும் இப்படி ஒரு அறிவிப்புதான். பெய்ட்டன் வெஸ்ட்டும் பேக்கரும் நிஜ சிங்க அளவுக்குப் பொம்மை செஞ்சு, ஒண்ணுக்கு வெளிர் பிடரி, ஒண்ணுக்குக் கருத்த பிடரின்னு மாட்டி வச்சுப் பார்த்தாங்க, 2002ல அந்த முடிவு வெளிவந்துச்சு. பெண்கள் கருத்த பிடரி பக்கம் போச்சு, ஆண்கள் கருத்த பிடரியைத் தவிர்த்துட்டு வெளிர் பிடரி இருக்கிற பக்கமா போச்சு. இவ்வளவு ஏற்பாடும் எதுக்குன்னா சண்டை போடாம இருக்கிறதுக்கு! கடிபட்டா ஜெயிச்சவனுக்கும் சீழ் பிடிக்கும், நொண்டிக்கிட்டு வேட்டையாட முடியாது, அடுத்த வாரமே வேற ஒருத்தன் வந்து நிப்பான். அதனால முடிஞ்சவரை சண்டையைத் தவிர்க்கத்தான் பார்க்குது, ரத்தக்களறியில முடியிறதெல்லாம் வேற வழியே இல்லாதப்போ நடக்கிறது.

அப்படி முடியும்போது எப்படி இருக்கும்னும் சொல்றேன், ஏன்னா கூட்டணி எதுக்குங்கிறது அங்கதான் தெரியும். ஒருத்தன் முகத்துக்கு நேரா நின்னு முன்னங்காலால அடிச்சு எதிரியை அந்தப் பக்கமே திருப்பி வச்சிருப்பான், இன்னொருத்தன் பின்னாடி போயி இடுப்புலயும் முதுகெலும்புலயும் கடிப்பான். தனியா மாட்டுன சிங்கம் பின்பக்கத்தைக் காப்பாத்துறதுக்காக அப்படியே தரையோட உட்கார்ந்துக்கும், உட்கார்ந்த இடத்துல சுத்திச் சுத்தி உறுமும், திரும்புனா அந்தப் பக்கம் ஒருத்தன், இந்தப் பக்கம் திரும்புனா இன்னொருத்தன். முதுகெலும்பு போச்சுன்னா பின்னங்கால் இழுத்துக்கும், அவ்வளவுதான். முதுகுப் பக்கம் பார்த்துக்க இன்னொரு ஆள் இருக்கிறதும் இல்லாததும்தான் இங்க வாழ்வா சாவா.

இதுக்காகத்தான் ரத்த சம்பந்தமே இல்லாத ஆண்கள் கூட கூட்டு சேருது. 1991ல மரபணுவை வச்சுப் பார்த்தப்போ தெளிவா தெரிஞ்சுச்சு, நாலும் அதுக்கு மேலயும் இருக்கிற பெரிய கூட்டணின்னா எல்லாமே சொந்தக்காரங்க, ரெண்டு மூணு பேர் கூட்டணியில அந்நியன் சேர்ந்திருக்கிறது சகஜம். காரணம் சிம்பிள்தான். பெரிய கூட்டணியில எல்லாருக்கும் குட்டி கிடைக்காது, ரெண்டு பேருக்குத்தான் அதிகம் கிடைக்கும், மத்தவன் சும்மா காவல் காக்கணும், அண்ணனுக்காக அதைச் செய்யலாம், அண்ணன் குட்டியிலயும் நம்ம ரத்தம் இருக்கு, யாரோ ஒருத்தனுக்காக எதுக்குச் செய்யணும்? நம்ம கிர்லயும் இதைப் பார்த்திருக்காங்க. இந்திய வன உயிரின நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டோத்ரா சக்ரவர்த்தியும் யாதவேந்திரதேவ் ஜாலாவும் 2017ல வெளியிட்ட ஆராய்ச்சியில, ஜோடியா இருக்கிற ஆண்கள்லயே ஒண்ணுதான் பெரிய ஆள், இனச்சேர்க்கையில 70 சதவீதத்துக்கு மேல அதுக்குத்தான், இரையிலயும் அதுக்குத்தான் பெரிய பங்கு. அப்புறம் ஏன் இன்னொண்ணு கூட இருக்குன்னா, தனியா போனா அந்த மிச்சமும் கிடைக்காது. உயிர் நண்பர்கள்னு எழுதுறதை நான் குறை சொல்ல வரல, ஒண்ணை ஒண்ணு நக்கிக்கிட்டு முகத்தோட முகம் உரசிக்கிட்டுப் படுத்திருக்கிறதைப் பார்த்தா யாருக்கும் அப்படித்தான் தோணும், ஆனா அந்தப் பாசத்துக்குள்ள இருக்கிற இந்தக் கணக்கையும் சேர்த்து எழுதுனா அந்த விலங்கு மேல மரியாதை கூடத்தான் செய்யும்.

கிர்ல இன்னொரு விசேஷம். அங்க இரை பெரும்பாலும் புள்ளிமான் மாதிரி சின்ன உருப்படி, அதனால பெண்கள் சின்னச் சின்னக் கூட்டமா இருக்கு, ஆண்கள் தனியா இருக்கு, இனச்சேர்க்கைக்கும் பெரிய இரை விழுந்தாலும்தான் சேருது. ஒரு ஆண் ஜோடியோட ஏரியாவுக்குள்ள பல பெண் கூட்டம் வரும், ஒரு பெண் கூட்டத்தோட ஏரியா பல ஆண் ஜோடிங்களோட எல்லையில போய் விழும். இதைப் பெண்கள் எப்படிப் பயன்படுத்துதுன்னா, அக்கம்பக்கத்துல இருக்கிற எதிரெதிர் கூட்டணி ஆண்களோட எல்லாம் இணை சேருது, அப்போ பொறக்கிற குட்டி யாருதுன்னு எந்த ஆணுக்கும் நிச்சயமா தெரியாது, கொல்லத் தயங்கும். 2019ல இதே ஆராய்ச்சியாளர்கள் இதை எழுதுனாங்க. எனக்குத் தெரிஞ்சு சிங்கங்களைப் பத்தி வந்ததுல இதைவிட அழகான கண்டுபிடிப்பு குறைவு, எந்தத் தமிழ்ப் பேப்பர்லயும் இது பெட்டிச் செய்தியா கூட வரலங்கிறதுல எனக்கு ரொம்ப வருத்தம்.

இப்போ மபோகோங்கிற கூட்டணி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா ஆண் சிங்கக் கூட்டணின்னாலே எல்லாரும் அதைத்தான் பேசுறாங்க, வாரமலர் மாதிரி இணைப்புகள்லயும் அதையே எழுதுறாங்க. தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் பார்க்கை ஒட்டி இருக்கிற சாபி சாண்ட்ல 2006 வாக்குல ஆறு ஆண்கள் சேர்ந்து கிளம்புச்சு, மக்கூலு, ப்ரிட்டி பாய், ராஸ்டா, கிங்கி டெயில், மிஸ்டர் டி இந்த மாதிரி அங்க இருக்கிற வழிகாட்டிகள் பேர் வச்சாங்க. ஆறு பேர் சேர்ந்த கூட்டணி சும்மாவா, ஒரே நேரத்துல பல கூட்டத்தைப் பிடிச்சு வச்சிருந்துச்சு, எதிர்ல வந்த ஆண்களையும் குட்டிங்களையும் ஏகப்பட்டதைக் கொன்னுச்சு. நூத்துக்கும் மேலன்னு ஒரு எண்ணிக்கை சுத்துது, அது யாரும் உடம்பை வச்சு எண்ணுன கணக்கு கிடையாது, அதை உறுதியான தகவல் மாதிரி அச்சுல போடாதீங்க. அப்புறம் என்னாச்சு? கிங்கி டெயிலும் மிஸ்டர் டியும் தனியா பிரிஞ்சு வேற ஏரியாவுக்குப் போச்சு. 2010 ஜூன்ல மஜிங்கிலானேங்கிற எதிர்க் கூட்டணியோட அஞ்சு ஆண்கள் வந்துச்சு, அதுல ஒண்ணை இந்த ரெண்டும் தீர்த்துக் கட்டுச்சு, மிச்சம் நாலு பேர் கிங்கி டெயிலைப் பிடிச்சுக் கொன்னுடுச்சு. தனியாகிப்போன மிஸ்டர் டி பழைய சகோதரர்கள்கிட்ட திரும்பி வந்து, அவங்க குட்டிங்களையே கொன்னுச்சு. 2012ல செலாட்டிங்கிற இன்னொரு கூட்டணியோட ஆண்கள் அதையும் முடிச்சிடுச்சு.

இதைத்தான் பின்னணி இசை போட்டு ரவுடி கோஷ்டி கதையா ஓட்டுறாங்க. மிஸ்டர் டியை வில்லனாக்கி, "துரோகி"ன்னு தலைப்பு வைக்கிறாங்க. மேல சொன்ன ரெண்டு வருஷ கணக்கை வச்சுப் பாருங்க, அது பண்ணதுல எந்தத் துரோகமும் கிடையாது, மத்த எந்த ஆணும் பண்றதைத்தான் பண்ணுச்சு. இன்னொண்ணும் கவனிக்கணும், இவ்வளவு விவரமா நமக்கு ஏன் தெரியுதுன்னா சாபி சாண்ட் முழுக்க சுற்றுலா விடுதிங்க, தினமும் காலையும் சாயங்காலமும் ஜீப் போகும், கேமரா போகும். கேமரா இல்லாத காட்டுலயும் இதே சண்டை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு, அங்க பேர் இல்லாம சாகுது. சாபி சாண்டுக்கும் க்ரூகருக்கும் நடுவுல இருந்த வேலியை 1993ல எடுத்தாங்க, அதனாலதான் ஒரு பக்கம் தோத்தவன் இன்னொரு பக்கம் ஓட முடிஞ்சுச்சு, புதுசா ஆண்கள் உள்ள வர முடிஞ்சுச்சு. வேலி போட்ட சின்ன ரிசர்வ்ல தோத்தவன் ஓடுறதுக்கு இடமே கிடையாது, அங்க மனுஷங்களே ஆண்களைப் பிடிச்சு மாத்தி விடவேண்டியிருக்கு.

கூட்டணி ரொம்பப் பலமா இருந்தாலும் சிக்கல் வரும்ங்கிறதுக்கு தான்சானியாவோட நொரொங்கோரோ எரிமலைப் பள்ளம் உதாரணம். 1962ல கடிக்கிற ஈ பெருகி அந்தப் பள்ளத்துக்குள்ள இருந்த சிங்கங்கள்ல ஒரு கைப்பிடிதான் மிஞ்சுச்சு. கொஞ்ச நாள்ல வெளியில இருந்து சில ஆண்கள் வந்து சேர்ந்துச்சு, எண்ணிக்கை ஏறுச்சு, ஆனா அதுக்கப்புறம் உள்ளயே பொறந்து வளர்ந்த பெரிய பெரிய கூட்டணிங்க வாசலை அடைச்ச மாதிரி நின்னுச்சு, வெளியில இருந்து ஒருத்தனும் நுழைய முடியல, சொந்தத்துக்குள்ளயே இணை சேர்ந்து மரபணு சுருங்கிப் போச்சு. அப்போ எல்லையில நடக்கிற சண்டையில சில நேரம் வெளி ஆள் ஜெயிக்கிறதும் அந்த இனத்துக்குத் தேவை. சண்டையே வேண்டாம்னு நாம ஆசைப்பட முடியாது.

ஆனா மனுஷன் கை வைக்கிறதால வர்ற சண்டை வேற. ஜிம்பாப்வேயில ஹ்வாங்கே பார்க்குல ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து ஆளுங்க சிங்கங்களுக்குக் காலர் மாட்டிக் கண்காணிச்சாங்க. ஆண்ட்ரூ லவ்ரிட்ஜ் குழு 2007ல வெளியிட்டதுல, அடையாளம் போட்ட வளர்ந்த ஆண்கள்ல 72 சதவீதத்தைப் பார்க்கைச் சுத்தி இருக்கிற வேட்டை ஏரியாவுல காசு கட்டி வேட்டையாடுறவங்க சுட்டிருக்காங்க. பார்க் எல்லைக்கு வெளியதான் சுடுறோம்னு சொல்லலாம், ஆனா ஓரத்துல ஒரு ஆண் விழுந்ததும் அந்தக் காலி இடத்துக்கு உள்ள இருக்கிற ஆண் நகர்ந்து வருது, அதையும் சுடுறாங்க, அடுத்தது வருது. 2015ல வேட்டைக்காரர் கையால செத்த சீசில்ங்கிற ஹ்வாங்கே சிங்கத்தோட கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அது ஏன் அந்த ஓரத்துல இருந்துச்சுன்னு பலருக்குத் தெரியாது. ஏற்கனவே ஒரு எல்லைச் சண்டையில கூடப் பொறந்ததைப் பறிகொடுத்துச்சு, 2013ல ரெண்டு இளம் ஆண்கள் சேர்ந்து அதோட ஏரியாவுல இருந்தே துரத்திடுச்சு, அப்படித்தான் பார்க்கோட கிழக்கு எல்லைக்குப் போய் ஜெரிக்கோங்கிற இன்னொரு ஆணோட கூட்டு சேர்ந்துச்சு. சண்டையில தோத்துத் தள்ளப்பட்ட இடமும் துப்பாக்கி காத்துக்கிட்டு இருந்த இடமும் ஒண்ணாப் போச்சு. சீசில் போனதும் ஜெரிக்கோ தனி ஆள், குட்டிங்க கதி என்னன்னு எல்லாரும் பயந்தாங்க, நல்லவேளை அது சமாளிச்சு நின்னுச்சு. தான்சானியாவுல ஆறு வயசுக்குக் கீழ உள்ள ஆணைச் சுடக்கூடாதுன்னு விதி இருக்கு, மூக்கு நுனி கருக்க கருக்க வயசு ஏறுதுன்னு அர்த்தம், அதை வச்சுப் பார்க்கச் சொல்றாங்க. வேட்டையே எனக்குப் பிடிக்காது, ஆனா அந்த விதி எதுக்குன்னா ஒரு ஈடு குட்டியாவது வளர்ந்து நிக்கட்டும்னுதான்.

உகாண்டாவுல நடந்தது இதைவிட மனசைப் பிசையும். ராணி எலிசபெத் தேசியப் பூங்காவுல ஜேக்கப்னு ஒரு சிங்கம், திருட்டு வேட்டைக்காரங்க வச்ச இரும்புப் பொறியில மாட்டி ஒரு காலே போயிடுச்சு, மூணு காலோட சகோதரன் திபுவோட சேர்ந்து வாழ்ந்துக்கிட்டு இருந்துச்சு. 2024 பிப்ரவரி ராத்திரியில, பெண்களுக்காக எதிர்க் கூட்டணியோட நடந்த சண்டையில தோத்து, சில மணி நேரத்துல ரெண்டும் காஸிங்கா கால்வாயில இறங்குச்சு. ஒரு கிலோமீட்டருக்கும் மேல தண்ணி, உள்ள முதலையும் நீர்யானையும். இறங்கும், பாதியில திரும்பிடும், மறுபடி இறங்கும், அப்படிப் பலதடவை முயற்சி பண்ணி கடைசியில அக்கரை போய்ச் சேர்ந்துச்சு, வெப்பத்தைப் பார்க்கிற ட்ரோன் கேமராவுல எல்லாம் பதிவாச்சு. வைரல் ஆச்சு, "தன்னம்பிக்கை"ன்னு போட்டாங்க. ஏன் போச்சு? அந்தப் பார்க்குல அப்போ ஒரு பெண்ணுக்கு ரெண்டு ஆண்ங்கிற கணக்குல இருந்துச்சு. கால்நடையை அடிச்சதுக்காக விஷம் வைக்கிறாங்க, உடல் பாகங்களுக்காகக் கொல்றாங்க, எண்ணிக்கை சில வருஷத்துலயே பாதியாச்சு. பெண்கள் குறைஞ்சா ஆண்களுக்குள்ள சண்டை கூடும், தோத்தவன் தண்ணியில குதிப்பான். அந்த வீடியோவுக்குக் கீழ இதை எழுதாம விட்டது பெரிய தப்பு.

இனி உங்ககிட்ட நேரடியா கேட்கவேண்டிய விஷயம். 2018 செப்டம்பர்ல கிர் கிழக்குல தல்கானியா ரேஞ்ச்ல வரிசையா சிங்கம் செத்துச்சு. ஆரம்பத்துல அதிகாரிகள் தரப்புல சொன்ன காரணம் என்னன்னா, முதல்கட்டமா பார்க்கும்போது பெரும்பாலும் சிங்கங்களுக்குள்ள நடந்த சண்டைதான்னு. பல பத்திரிகை அதை அப்படியே போட்டுச்சு. அக்டோபர் தொடக்கத்துக்குள்ள 23 ஆச்சு, புனே வைரஸ் ஆய்வு நிறுவனம் மாதிரியைச் சோதிச்சு நாய்ங்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸ் இருக்குன்னு சொல்லுச்சு, அப்புறம்தான் வெளிநாட்டுல இருந்து தடுப்பூசி வரவழைச்சு போட்டாங்க. இதே வைரஸ் 1994ல செரெங்கெட்டியில மூணுல ஒரு பங்கு சிங்கத்தை அழிச்சது, எல்லாரும் அறிஞ்ச விஷயம். நோய் வந்து தளர்ந்த ஆண் எல்லையைக் காக்க முடியாது, பக்கத்து ஆண்கள் உள்ள வரும், கடிக்கும், அப்போ உடம்புல கடிக்காயமும் இருக்கும், உள்ள வைரஸும் இருக்கும். கடிக்காயம் இருக்கு, அதனால சண்டைன்னு முடிச்சா பாதிக் காரணம் புதைஞ்சு போகும். அந்த ஒரு சொல்லை நம்பி எத்தனை நாள் வீணாச்சுன்னு நினைச்சா எனக்கு இப்பவும் ஆத்திரம் வருது.

அதனால அடுத்த தடவை "மோதலில் சிங்கம் பலி"ன்னு தகவல் வந்தா, உங்க நிருபர் போன்ல கூடுதலா சில கேள்வி கேட்கட்டும். செத்தது என்ன வயசு, தனி ஆணா கூட்டணியில இருந்ததா, கூட்டாளி எங்க? கடந்த சில மாசத்துல அந்த ஏரியாவுல வேற ஆண் செத்துச்சா, இல்ல கூண்டு வச்சுப் பிடிச்சுட்டுப் போனாங்களா, ஏன்னா துப்பாக்கியால காலியானாலும் கூண்டால காலியானாலும் காலி இடம் காலி இடம்தான். போஸ்ட்மார்ட்டம் பண்ணாங்களா, வைரஸுக்கு மாதிரி அனுப்புனாங்களா? குட்டிங்க இருந்துச்சா, இப்போ எங்க இருக்கு? இதுக்குப் பதில் கிடைக்கலன்னா, கிடைக்கலன்னே எழுதுங்க, அதுவே பெரிய செய்தி.

கிர்ல இது ரொம்ப அவசரமும் கூட. 2015ல 523, 2020ல 674, 2025ல 891னு எண்ணிக்கை ஏறியிருக்கு, சந்தோஷம்தான், அதுக்காக உழைச்சவங்களையும் அக்கம்பக்கத்துல சிங்கத்தோட வாழ்ற ஜனங்களையும் எவ்வளவு பாராட்டுனாலும் தகும். ஆனா அதுல பாதிக்கு மேல காட்டுக்கு வெளிய, வயல், தோப்பு, கடலோரம்னு 11 மாவட்டத்துல பரவிக் கிடக்கு. ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மூணு வயசு ஆண்கள் கிளம்பிக்கிட்டே இருக்கு, உள்ள இருக்கிற ஏரியா எல்லாம் நிரம்பியாச்சு, போற வழியில மூடாத கிணறு, கரண்ட் வேலி, ரயில் பாதை. கொஞ்சம் சிங்கத்தை மத்தியப் பிரதேசம் குனோ பூங்காவுக்கு மாத்தணும்னு சுப்ரீம் கோர்ட் 2013 ஏப்ரல்ல தீர்ப்பு சொல்லுச்சு, இதுவரைக்கும் ஒண்ணு கூடப் போகல, 2022ல அங்க சிறுத்தைப்புலி இனம் மாதிரி தெரியுற சீட்டாவைத்தான் கொண்டுவந்து விட்டாங்க. இதைப் பத்தி வருஷத்துக்கு ஒரு தலையங்கமாவது நீங்க எழுதணும்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கு, அதையும் யாரும் சரியா எழுதல. 2023 ஜனவரியில ஒரு ஆண் சிங்கம் தானா நடந்து குஜராத்துலயே இருக்கிற பர்டா சரணாலயத்துக்குப் போச்சு, 1879க்கு அப்புறம் அங்க சிங்கம் கால் வச்சது அப்போதான். 2025 கணக்கெடுப்புல அங்க 17 இருந்துச்சு. உங்க நிருபர் ஒருத்தரை அங்க அனுப்புங்க. அந்த இளம் ஆண்கள் எந்த வழியா வந்துச்சு, ஜோடி சேர்ந்திருக்கா, எல்லை பிரிச்சுக்கிச்சா, அந்த வழியில எத்தனை கிணறு மூடாம கிடக்குன்னு விசாரிச்சு ஒரு முழுப் பக்கம் போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்